ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கோ

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நித்திரையில் அடிக்கடி திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரிப்பாள். அது எதனால்? தொட்டிலுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த கம்பியில்லாப் போனின் அலையாலா, துறைமுகப் பக்கம் கேட்ட வெடிச்சத்தத்தாலா, அல்லது எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானா? அவளுக்கு இப்போது நான்கு வயது. நன்றாக ஓடுகிறாள், நன்றாகப் பொய்யும் சொல்கிறாள். எனக்கோ இன்னும் விடை தெரியாது.

விடை தெரிந்த ஒரே மனிதர் நரம்பர்தான். திருகோணமலையில் அந்த நாட்களில் சனங்கள் ஷெல்லுக்குப் பயந்தார்கள், சோதனைச் சாவடிக்குப் பயந்தார்கள், அரிசி விலைக்குப் பயந்தார்கள். இவை ஒன்றுக்கும் பயப்படாமல் போனுக்கு மட்டும் பயந்த ஒருவர் உலகத்திலேயே நரம்பராகத்தான் இருக்க வேண்டும். வெடிச்சத்தம் கேட்டு நாங்கள் கட்டிலுக்கு அடியில் போனால் அவர் தையல் மெஷினை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் மட்டும் தலையைத் தாழ்த்தி இரண்டு காதையும் பொத்துவார்.

அவர் கொடி தைக்கிறவர். துறைமுகத்துக்கு வருகிற படகுகளுக்குக் கொடியும், மேற்கூரைக்குக் கன்வஸ் துணியும் தைத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய வீடு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். "மகன் போன் எடுக்கிறவரோ?" என்று யாராவது கேட்டால், "அவனும் என்னைப் போலத்தான். போன் எண்டால் அவனுக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடிப்பார். அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. என் கணவருக்குக் கட்டாரில் ஏசி பூட்டுகிற வேலை. கம்பிப் போன்கள் பாதி நாள் செத்துக் கிடந்ததால், அவர் பணம் அனுப்பி ஒரு சீடிஎம்ஏ போன் வாங்க வைத்தார். பார்ப்பதற்குச் சாதாரண மேசைப் போன்தான். பின்னால் கம்பிக்குப் பதிலாகச் சுண்டுவிரல் அளவு அன்டனா. எங்கள் ஒழுங்கை வீடுகளில் அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் எனக்குக் கணவர் இல்லை என்றுதான் அர்த்தம். அவர் குரல் மட்டுந்தான் அப்போது எனக்கு இருந்தது. மணி அடித்தால் உடனே எடுக்கவேண்டும் என்று அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாளே நரம்பர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"பிள்ளை, அதை எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"அறைக்குள்ள, மாமா."

"குழந்தை எங்க?"

"அறைக்குள்ள."

அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"பிள்ளை, நரம்பு எண்டால் என்ன? நூல். உடம்பு முழுக்க நூல். மூளைதான் நூல்கட்டை. இந்தப் போனில இருந்து வாற அலை ஊசி மாதிரி. ஆனால் நூல் கோர்க்காத ஊசி. வெறும் ஊசியால தைச்சால் என்ன மிஞ்சும்?"

"என்ன மாமா மிஞ்சும்?"

"ஓட்டைதான் மிஞ்சும்."

பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வந்திட்டார் நரம்பர்" என்றார். அன்றைக்கு விழுந்த பெயர்தான். அதற்கு முதல் அவருக்கு என்ன பெயர் என்று இப்போது கேட்டால் பரிமளா அக்காவுக்கே தெரியாது.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். அலை, அதிர்வெண் எல்லாம் பாடமாகத் தெரியும். தொட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்தால் என்ன ஆகும் என்பது பாடத்தில் இல்லை. ஆகவே கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். "சின்னப் பிள்ளையள் எல்லாம் இப்பிடித் திடுக்கிடுறதுதான் அம்மா. கொஞ்ச மாசத்தில குறைஞ்சிடும்" என்றார். போனைப் பற்றிக் கேட்டேன்.

"பக்கத்தில வைக்காமல் விடுங்கோவன்."

"அப்ப அது கூடாதோ டாக்டர்?"

"கூடாது எண்டு நான் சொல்லேல்லை."

"அப்ப வைக்கலாமோ?"

"வைக்கச் சொல்லியும் நான் சொல்லேல்லை."

வெளியில் வந்ததும், உள்ளே போய் இன்னொரு தரம் கேட்டால் என்ன என்று நினைத்தேன். போனேன். நான் இருந்த கதிரையில் வேறொருவர் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம், முதல் தரமே சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்று என்னையே ஏசிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள் நரம்பரின் சட்டங்கள் அமுலுக்கு வந்தன. போன் அறையில் இருக்கக்கூடாது. முன் விறாந்தை யன்னல் கட்டின் மேல் இருக்க வேண்டும். யாரும் கன நேரம் கதைக்கக்கூடாது. கதை நீண்டால் அலை எலும்புக்குள் இறங்கும். ரிசீவரைக் காதில் வைக்கவே கூடாது. காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். முழம் என்றால் அவருடைய முழம். விறாந்தைக் கதிரையில் வந்து இருந்து, கை நீட்டி அளந்து காட்டுவார்.

ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கிற ரிசீவரில் என்ன கேட்கும்? மறுமுனையில் இருப்பவர் கத்தினால்தான் கேட்கும். கத்தினால் ஒழுங்கைக்கே கேட்கும். கட்டாரிலிருந்து என் கணவர், "சாப்பிட்டியா?" என்று கத்துவார். நான் வாய் திறக்கமுதல் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பரிமளா அக்கா, "சாப்பிட்டிட்டா தம்பி, இண்டைக்குக் கத்தரிக்காய்" என்பார். ஒருநாள் கணவர் என்னைப் பற்றி ஏதோ அன்பாகச் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். தேவையும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் அது பாடம்.

"கொஞ்சம் கிட்டப் பிடிக்கட்டோ மாமா? இது புருசன் பெண்சாதி கதை."

"நரம்புக்குப் புருசன் பெண்சாதி தெரியாது பிள்ளை."

பரிசோதனையும் இருந்தது. கதைத்து முடிந்த ஆளிடம் ஊசியும் நூலும் கொடுப்பார். ஒரே தரத்தில் கோர்த்தால் நரம்பு தப்பியது. கோர்க்க முடியாவிட்டால் அலை ஏறிவிட்டது. இஞ்சித் தண்ணி குடிக்க வேண்டும். ஒருவராலும் கோர்க்க முடியவில்லை. பரிமளா அக்காவின் தங்கச்சி சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார். எப்போதாவது எங்கிருந்தோ போன் எடுப்பார். அக்கா கதைத்து முடித்தால் நூல் ஊசிக்கு வெளியே நாலு பக்கமும் போகும். மூலை வீட்டு நசீமாவின் கணவர் சவூதியில் லொறி ஓட்டினார். நசீமாவுக்கு ஊசியே கண்ணுக்குத் தெரியாது. "பாத்தீங்களோ, கை நடுங்குது. அலை" என்பார் நரம்பர்.

"அலையில்ல மாஸ்டர். அந்த மனிசன் இந்த நோன்புக்கும் வரல்லயாம்" என்றார் நசீமா மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அதுவும் அலையாலதான் வாறது" என்று நரம்பர் இஞ்சித் தண்ணியை நீட்டினார்.

இவ்வளவும் போதாதென்று குழந்தைக்கு ஒரு பாதுகாப்பும் செய்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை எங்கெங்கோ தேடிச் சேர்த்து, கன்வஸ் துணியில் வைத்துத் தைத்து, தொட்டிலுக்கு மேல் கூடாரம் போட்டார். விளிம்பில் நீலக் கரைகூட வைத்திருந்தார். அலை வந்தால் வெள்ளித்தாளில் பட்டுத் திரும்பிப் போகுமாம். காற்று வந்தால் அது சரசர என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு மகள் முந்தியதைவிட இரண்டு மடங்கு திடுக்கிட்டாள்.

"மாமா, இப்ப முந்தியிலும் கூடத் திடுக்கிடுறாளே."

"அலை வெளிய போகேக்க அப்பிடித்தான் இருக்கும்."

கழற்றினால் அவர் மனம் நோகும். கழற்றாவிட்டால் பிள்ளை அழும். அவர் வரும் நேரம் கட்டுவதும் போனபின் கழற்றுவதுமாகச் சமாளித்தேன்.

பிறகு கொடி வந்தது. யாருக்காவது போன் வந்தால், திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு நான் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. நரம்பர் அதற்கு வழி கண்டுபிடித்தார்.

"முந்திக் கப்பல்காரர் எல்லாரும் கொடியாலதானே கதைச்சவை. ஒருத்தருக்காவது நரம்பு போச்சுதோ?"

"அவையள் எல்லாரும் செத்துப்போச்சினம், மாமா."

"நரம்பால இல்லை."

கப்பல்காரர் வேண்டாமென்று விட்ட கொடிகள் அவரிடம் இருந்தன. சிவப்பும் வெள்ளையும் நாலு கட்டமாக இருந்தது பரிமளா அக்காவுக்கு. முழு மஞ்சள் நசீமாவுக்கு. எங்கள் கூரையில் பழைய டிவி அன்டனாக் கம்பம் இருந்தது. அதில் கயிறு பூட்டினார். யாருடைய கொடி ஏறுகிறதோ அவர் ஓடிவர வேண்டும்.

சண்டை நடக்கிற காலத்தில், கடற்படை இருக்கிற துறைமுகத்துக்கு முன்னால், கூரையில் கப்பல் கொடி ஏற்றுவது என்ன யோசனை என்று படித்தவளான எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதெல்லாம் வீண் பயம் என்று கணவர் சொல்லிச் சொல்லி, அப்போதுதான் நான் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஜீப் வந்து நின்றது. நடுத்தர வயதுள்ள நேவி அதிகாரி ஒருவர், சந்திச் சென்றியில் காவல் நிற்கும் இளம் பெடியனோடு இறங்கினார். கம்பத்தில் பரிமளா அக்காவின் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"இது யார் கட்டினது?"

"நான், சேர்" என்றார் நரம்பர்.

"இது என்ன சொல்லுது, தெரியுமா?"

"தெரியாது சேர். நான் தைக்கிறவன். வாசிக்கிறவன் இல்லை."

"இது சொல்லுது, நீ போற பக்கம் ஆபத்து இருக்கு."

எல்லாரும் பரிமளா அக்காவைப் பார்த்தோம். அவர் கணவர் மட்டும் நிலத்தைப் பார்த்து, "சரியாத்தான் சொல்லுது" என்று முணுமுணுத்தார்.

நரம்பர் மஞ்சள் கொடியை எடுத்துக் காட்டினார். "என் கப்பலில் எல்லாருக்கும் நல்ல சுகம்" என்று வாசித்தார் அதிகாரி. நசீமா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நரம்பரின் துணிப்பையில் இன்னொரு கொடி மடித்தபடி இருந்தது. வெள்ளைத் துணியின் நடுவில் சிவப்பு வைரம். அதிகாரி அதை விரித்துப் பார்த்தார்.

"இது: எனக்கு ஏலாது, என்னோட கதை. இது யாருக்கு?"

"அது சும்மா, சேர். மிச்சத் துணி."

அதிகாரி கொடிகளை விட்டுவிட்டு யன்னல் கட்டில் இருந்த போனைப் பார்த்தார். "போனை எடுத்துக்கொண்டு போறம். விசாரிச்சிட்டுத் தாறம்" என்றார்.

விசாரிக்கக் கொண்டுபோன பொருள் எத்தனை திரும்பி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். இனிக் கணவரின் குரலை எங்கே போய்க் கேட்பேன் என்ற நினைப்பைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. அப்போது நரம்பர் எழுந்து போனுக்கு முன்னால் நின்றார்.

"சேர், இது கூடாத சாமான். இது நரம்பைத் தின்னும். நான் இந்த ஒழுங்கைக்கே சொல்லிக்கொண்டு வாறன்."

"அப்ப கொண்டுபோறது நல்லதுதானே?"

"இல்லை சேர். கொண்டுபோகாதேங்கோ."

"கூடாத சாமான் எண்டு சொல்றீங்க. கொண்டுபோகவும் வேணாமா?"

"எங்கட நரம்புதானே சேர். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மீசை அசைந்தது. நரம்பர் அந்த அசைவைப் பிடித்துக்கொண்டார். ஊசியையும் நூலையும் எடுத்து அவரிடம் நீட்டி, "சேர் ஒருக்கால் கோர்த்துப் பாருங்கோ" என்றார். ஆயுதத்தோடு வந்த அதிகாரியிடம் ஊசியை நீட்டிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிகாரி ஏனோ வாங்கிக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார். நூல் ஊசியின் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. நரம்பர் மெதுவாக, "சேர், இடுப்பில கொழுவியிருக்கிற வோக்கி டோக்கி கன வருசமோ?" என்று கேட்டார்.

"பதினைஞ்சு வருசம்."

"காதில வைச்சோ கதைக்கிறனீங்கள்?"

போன் தப்பியது. கொடி மட்டும் இனி ஏறக்கூடாது என்ற உத்தரவோடு ஜீப் போனது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் சந்திச் சென்றியில் அந்தப் பெடியன் வோக்கி டோக்கியை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். பால்காரன் சைக்கிளை நிறுத்தி நின்று கேட்டுவிட்டுப் போனான்.

கூடாத சாமான் போகட்டும் என்று விடாமல் நரம்பர் ஏன் மறித்தார் என்று எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது. எனக்காகத்தான் என்று நினைத்தேன். நன்றியாக அன்று கூடாரத்தைக் கழற்றாமல் விட்டேன். பிள்ளை அழுதாள்.

சில மாதம் போயிருக்கும். ஒரு காலை மணி அடித்தது. தெரியாத இலக்கம். தூரத்தில் ஒரு இளம் குரல்.

"அப்பா நிக்கிறாரோ?"

"எந்த அப்பா?"

"கொடி தைக்கிறவர். நான் அவற்ற மகன் சுதன், அக்கா. போன் வந்த கிழமையே அப்பா இந்த நம்பரை என்னை அனுப்பின ஏஜென்சிக்காரனிட்டக் குடுத்து விட்டவராம். எனக்கு இப்பதான் கைக்கு வந்தது. இத்தினை நாளும் வழியில பிடிபட்டு உள்ளுக்க இருந்தனான். அரை மணித்தியாலத்தால திரும்ப ஒருக்கால் எடுக்கலாம். பிறகு எப்ப எண்டு தெரியாது."

மகனுக்குப் போன் பிடிக்காது என்று அவர் நூலைக் கடித்தது நினைவுக்கு வந்தது. போன் ஏன் அவர் வீட்டை நேரே பார்க்கிற யன்னல் கட்டுக்கு வந்தது, ஏன் ஒருவரும் நீட்டிக் கதைக்கக்கூடாது, ஏன் அவர் வேலை இல்லாத நேரமெல்லாம் எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்தார் என்பதெல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. அந்த மனிதர் இப்போது துறைமுகத்துக்குள், ஏதோ ஒரு படகுக்கு மேற்கூரை பூட்டிக்கொண்டிருந்தார். பாஸ் இல்லாமல் என்னை வாசலிலேயே விடமாட்டார்கள்.

குழந்தையைப் பரிமளா அக்காவிடம் மதிலுக்கு மேலால் கொடுத்தேன். எதிர்வீட்டுக்கு ஓடி, மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய பையிலிருந்து, துறைமுகத்துக்குள் நிற்கிறவர் கண்ணில் படட்டும் என்று, சிவப்பு வைரக் கொடியை எடுத்தேன். உத்தரவை மீறுகிறோமே, சுட்டால் என்ன செய்வது, கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். கொடி ஏறியது.

சென்றிப் பெடியன் துவக்கைத் தூக்கியபடி எட்டி வந்தான். எனக்குச் சிங்களம் வராது, அவனுக்குத் தமிழ் வராது. எதிர்வீட்டில் தெரிந்த நரம்பரின் மெஷினைக் காட்டினேன். பிறகு வெறும் கையைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். உலகத்தில் வேறெந்த ஊரிலும் அதற்கு அர்த்தம் இல்லை. அவன் கொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துவக்கு இறங்கியது. வோக்கி டோக்கியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கத்தினான். அதில் எனக்கு விளங்கியது 'டெய்லர்' என்ற ஒரு சொல்தான்.

நரம்பர் கழுத்தில் அளவு நாடாவோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தவர், ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்தது. காதைப் பொத்தவில்லை. ரிசீவரை எடுத்து இரண்டு கையாலும் காதோடு சேர்த்து, முகம் நசுங்க அழுத்திக்கொண்டார். அன்றைக்கு மட்டும் மறுமுனையில் பேசியது ஒரு சொல்லும் எங்கள் ஒழுங்கைக்குக் கேட்கவில்லை. "ஓம் ராசா, ஓம் ராசா" என்று அவர் சொன்னதுதான் கேட்டது.

அவர் போனை வைத்தபின் பரிமளா அக்கா ஊசியையும் நூலையும் நீட்டினார். "கோருங்கோ நரம்பர்." வாழ்நாளெல்லாம் ஊசியோடு இருந்த மனிதர் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். பிறகு, "இந்த நூல் சரியில்லை" என்றார்.

நசீமா இஞ்சித் தண்ணி கொண்டு வந்தார்.

அதோடு நரம்பரின் பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். போன் நேரே தெரியவேண்டும் என்றுதான் எல்லாம் சொன்னார் என்றால், இனிச் சொல்லத் தேவையில்லையே. அடுத்த நாள் காலை வழக்கம்போல் படலை திறந்தது. "பிள்ளை, குழந்தைக்குக் கூடாரம் கட்டேல்லையோ?" தாளில் எங்கேயோ கிழிந்திருக்கிறது, அதற்குள்ளால் அலை புகும் என்று பசையோடு வந்திருந்தார். அவர் உண்மையில் பயந்தாரா, காத்திருந்தாரா என்பதும் எனக்கு விடை தெரியாத கேள்விதான். இரண்டையும் ஒரே கதிரையில் இருந்து செய்யலாம் போலிருக்கிறது.

சண்டை ஓய்ந்தது. எனக்கு மட்டக்களப்பில் வேலை கிடைத்து நாங்கள் வந்துவிட்டோம். சுதன் ஒரு நாட்டில் நிலைத்து, தகப்பனுக்குக் கைப்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நரம்பர் அதை மெஷின் மேல் வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, ஒவ்வொரு பின்னேரமும் எங்களுக்கு எடுத்துக் கத்துகிறார். கட்டாரிலிருந்து தகப்பன் எடுத்தால்கூட என் மகள் இப்படி ஓடி வருவதில்லை. போனைப் பறித்துக் காதோடு ஒட்டி வைத்து மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பதறி இழுக்கிறேன். அவள் விடமாட்டாள். நரம்பருக்கு எப்படித்தான் தெரியுமோ, அந்தப் பக்கமிருந்து, "தள்ளிப் பிடியுங்கோ ராசாத்தி, ஒரு முழம்" என்று கத்துகிறார். அவள் குலுங்கிச் சிரித்துவிட்டு இன்னும் அழுத்திப் பிடிக்கிறாள். அவர் அதைச் சொல்வதைக் கேட்கத்தான் அப்படிப் பிடிக்கிறாள்.

டாக்டர் கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பிள்ளை வளர்த்த வாசகர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். அந்தப் போனை அவள் காதிலிருந்து நான் எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்கட்டும்?